மீதி

பதினோரு வருடமாய் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.
விசாரணை அறை. கண்ணில் அடிக்கும் விளக்கு.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள்.
நான் நிமிர்ந்து நின்று சொல்வேன்:
ஆம், விசுவாசிக்கிறேன்.
அதற்குப் பிறகு நான்கு வாக்கியங்கள்.
வெங்காயம் நறுக்கும்போதெல்லாம்
உதடசையாமல் சொல்லிச் சொல்லி
வெண்கலம்போல் தேய்த்து வைத்திருந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை.
ஷ்கோதர் நகரத்தின் இராப்பணி நர்ஸ் ஒருத்தி
எதை நம்புகிறாள் என்று கேட்க
அங்கே யாருக்கு நேரம்?

கேட்டது ஏழாம் கட்டில்.
ப்ரெங் குராஷி, கட்சிச் செயலாளர்.
நுரையீரலில் நீர்.
எங்கள் தெருக்கோயில் மணியை
இறக்கி உருக்கச் சொன்ன தாளில்
கையெழுத்து அவருடையது.

கேட்டபோது
என் கையில் அவருடைய மூத்திரச் சட்டி.

"நீ மார்க்கின் மகள்தானே.
முகாமில் செத்தானே, அவன்.
கடைசியில் அமைதியாக இருந்தானாம்.
காவலாளி ஒருவன் சொன்னான்.
எப்படி?"

எட்டாம் கட்டிலில் இருப்பவன்
தூங்குகிறானா,
தூங்குவதுபோல் கிடக்கிறானா, தெரியவில்லை.
சாகப்போகிறவனின் கேள்வியா,
சாகடிக்கப்போகிறவனின் கேள்வியா,
அதுவும் தெரியவில்லை.
வீட்டில் ஒன்பது வயது மகன்.
பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவான் என்று
அவனிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை நான்.
கற்பனை அதிகாரிகளிடம் மட்டும்தான்
அத்தனை வீரமும்.

அந்த நான்கு வாக்கியங்களைத் தேடினேன்.
கிடைத்தன.
ஆனால் அந்த இருட்டில் அவை
இவருடைய மேடைப் பேச்சைப் போலவே இருந்தன.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சட்டியைக் கீழே வைத்தேன்.
கையைக் கவுனில் துடைத்தேன்.
"அப்பாவுக்குப் பயம் இருந்திருக்கும்" என்றேன்.
"இருட்டென்றால் அவருக்கு எப்போதும் பயம்.
ஆனால் அந்த வழியில்
இயேசு முன்னாலேயே போய்
மூன்றாம் நாள் திரும்பி வந்தார் என்று நம்பினார்.
தெரிந்தவர் ஒருவர் நடந்த பாதை.
நானும் நம்புகிறேன்.
அவர் உங்களுக்கும் — "

தாழ்வாரத்தில் டாக்டரின் செருப்புச் சத்தம்.
சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் அவரைத் தீரானாவுக்குக் கொண்டுபோனார்கள்.
ஜீப் வரும் என்று காத்திருந்தேன்.
ஒரு பையில் கம்பளிக் காலுறை, சோப்பு.
ஒரு வாரம். ஐந்து வாரம்.
ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும்
வயிறு முந்திக்கொண்டு எழுந்து உட்காரும்.
அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால்
சிரித்திருப்பேன்.

மார்ச் மாதம், பால் வரிசை.
விடியாத நான்கு மணி.
முன்னே முப்பது பேர், பின்னே இருபது.
இந்த ஊரில் ஆளுக்கு இரண்டு காது போதாது;
சுவரும் கடன் கொடுக்கும்.
என் மகன் லீஸ், காலிப் பாட்டில்களை
மார்போடு அணைத்துக்கொண்டு
நின்றபடியே உறங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார்.
கோட்டு இரண்டு ஆளுக்குப் பெரிது.
முகம் முழுக்கக் கண்.
குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"உங்களுக்கும் என்றாய்" என்றார்.
மூச்சு வாங்கியது.
"உங்களுக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.
மீதி என்ன?"

வரிசை சட்டென்று இருமலை நிறுத்தியது.
முன்னால் நின்ற பெண்ணின் முக்காடு
ஒரு விரற்கடை திரும்பியது.

நாளைக்குச் சொல்கிறேன் எனலாம்.
ஆள் தெரியவில்லை, மன்னியுங்கள் எனலாம்.
பாட்டிலைக் கீழே போட்டால்கூடப் போதும்,
கண்ணாடி உடையும் சத்தத்தில்
எதுவும் மறைந்துவிடும்.

லீஸ் கண் விழித்து
என் முகத்தைப் பார்த்தான்.

வெங்காயம் என்ன விலை என்பதைச் சொல்லும்
அதே குரலில்,
கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை,
விட்ட இடத்திலிருந்து
ஆரம்பித்தேன்.